அலுவலக இணையத் தொலைபேசிகள்: குறை வேகத்தில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகங்களில் பழைய தொலைபேசி இணைப்பகங்கள் அகற்றப்பட்டு, அவற்றின் இடத்தில் இணையத் தொலைபேசிகள் வைக்கப்பட்டுவருவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பொது வாசகருக்கு எளிதில் எட்டாத ஒரு பொருளைத் தெளிவான நடையில் எடுத்துச் சொல்லியிருந்தது பாராட்டுக்குரியது. ஆயினும், பேச்சு விட்டுவிட்டுக் கேட்பது, ஒரு பக்கத்துக் குரல் மட்டும் கேட்பது, பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்துபோவது ஆகிய மூன்று குறைகளுக்கும் போதிய இணைய வேகம் இல்லாததே காரணம் என்று கூறி, அதிவேகத் திட்டத்துக்கு மாறுவதே தீர்வு என அந்தக் கட்டுரை முடித்திருந்தது. அலுவலக வலையமைப்புகளைப் பராமரிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. பின்னிரண்டு குறைகளுக்கும் வேகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முதல் குறைக்குக்கூட வேகம் காரணமாக இருப்பது அரிது. இவை யாவும் அந்தத் தொலைபேசிகள் ஒன்றோடொன்று பேசப் பின்பற்றும் விதித்தொகுப்புகளான நெறிமுறைகளிலிருந்தும், அந்த நெறிமுறைகளை அரைகுறையாக அமைத்துவிட்டுப் போகிறவர்களிடமிருந்தும் பிறக்கின்றன.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இன்றும் பெரும்பாலான அலுவலகத் தொலைபேசிகள் பயன்படுத்தும் ஜி.711 என்ற குரல் குறிமுறை 1972-இல் தரப்படுத்தப்பட்டது. அது குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டுகளில் எழுதுகிறது. ஆக நொடிக்கு 64 கிலோபிட். இதை 20 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 160 பைட் இருக்கும். அதன் தலையில், அதை எதிர்முனைக்குக் கொண்டுசேர்க்கும் ஆர்டிபி, யுடிபி, ஐபி என்ற மூன்று நெறிமுறைகளின் குறிப்புகளாக முறையே 12, 8, 20 பைட் என 40 பைட் ஏறுகிறது. இப்படி 200 பைட் கொண்ட பொதிகள், அதாவது பாக்கெட்டுகள், நொடிக்கு 50 புறப்படுகின்றன என்றால், ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 80 கிலோபிட் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தொடாது. ஜி.729 என்ற சிக்கனமான குறிமுறையில் இது அழைப்புக்கு 24 கிலோபிட்டாகச் சுருங்கிவிடும். நூறு மெகாபிட் இணைப்பு வைத்திருக்கும் அலுவலகத்தில் நான்கு பேர் பேசும்போது குரல் உடைகிறது என்றால், அதை இருநூறாக உயர்த்தி என்ன பயன் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? இணையத் தொலைபேசியில் ஓர் அழைப்பு என்பது ஒன்றல்ல, இரண்டு என்பதை அறிந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். அழைப்பை ஏற்படுத்துவதும் முடிப்பதும் ஒரு நெறிமுறையின் வேலை; குரலைச் சுமந்து செல்வது முற்றிலும் வேறொரு நெறிமுறையின் வேலை. இரண்டும் வெவ்வேறு போர்ட்டுகளில் (ஒரு கருவிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்கள்), பெரும்பாலும் வெவ்வேறு பாதைகளில் பயணம் செய்கின்றன. முதலாவது எஸ்ஐபி. இதன் முதல் வரையறை 1999-இல், இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 2543 என்ற எண்ணுடன் வெளிவந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3261. இரண்டாவது ஆர்டிபி. இது எஸ்ஐபிக்கு மூத்தது. 1996-இல் ஆர்எஃப்சி 1889 ஆக வெளிவந்து, 2003-இல் ஆர்எஃப்சி 3550 ஆகத் திருத்தப்பட்டது.

ஒருவர் எண்ணை அழுத்தியதும் நடப்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள், வலையமைப்பில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் ஒயர்ஷார்க் போன்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். எஸ்ஐபி செய்திகள் வெறும் எழுத்துகளால் ஆனவை. சற்றுப் பழகினால் கடிதம்போல் வாசித்துவிடலாம். தொலைபேசி முதலில் ‘இன்வைட்’ என்ற செய்தியைத் தன் சர்வருக்கு, வழக்கமாக 5060 என்ற போர்ட்டுக்கு, அனுப்புகிறது. உடனே சர்வரிடமிருந்து ‘100’ என்ற பதில் வருகிறது: முயன்றுகொண்டிருக்கிறேன் என்று அதற்குப் பொருள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதும் ‘180’. ரிசீவரை எடுத்ததும் ‘200’. அதற்கு அழைத்தவரின் தொலைபேசி ‘ஏக்’ என்ற ஒப்புகையை அனுப்பினால் அழைப்பு நிலைபெறுகிறது. எவரேனும் வைத்துவிட்டால் ‘பை’. எதிர்முனையில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தால் ‘486’. வலைப்பக்கம் இல்லாதபோது உலாவியில் வரும் 404 இங்கும் உண்டு. இல்லாத எண்ணை அழைத்தால் அதே எண்தான் பதிலாக வரும். வலைத்தளங்களின் எச்டிடிபி நெறிமுறையைப் பார்த்தே எஸ்ஐபியை அமைத்தார்கள் என்பதற்கு இதுவே அடையாளம்.

இந்த இன்வைட் செய்தியின் வயிற்றுக்குள் எஸ்டிபி என்ற இன்னொரு சிறு குறிப்பு இருக்கிறது. எனக்கு இன்னின்ன குறிமுறைகள் தெரியும், என் குரலை இந்த ஐபி முகவரிக்கு இந்தப் போர்ட்டில் அனுப்புங்கள் என்று அது எதிர்முனைக்குச் சொல்கிறது. எதிர்முனையும் தன் பதிலில் அவ்வாறே சொல்கிறது. அதன்பின் குரல் பாக்கெட்டுகள் அந்த முகவரிகளை நோக்கிப் புறப்படுகின்றன. சர்வர் நடுவில் நின்று குரலை வாங்கிக் கொடுக்கும்படி அமைக்கப்படாவிட்டால், இரண்டு தொலைபேசிகளும் நேருக்கு நேராகவே குரலைப் பரிமாறிக்கொள்ளும். அழைப்பை இணைத்துவைத்த சர்வர் அப்போது அந்தக் குரலைக் கேட்பதே இல்லை.

இவ்விரண்டுக்கும் வெளியே வேறு நெறிமுறைகளும் இருந்தன, சில இன்னும் இருக்கின்றன. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996-இல் வெளியிட்ட எச்.323, எஸ்ஐபிக்கு முன்பே இந்தத் துறையில் வேரூன்றியிருந்தது. பழைய தொலைபேசி உலகின் சிந்தனைப் போக்கில், இருமக் குறியீட்டில் எழுதப்பட்டதால் அதைப் படித்துப் பழுது பார்ப்பது கடினமாக இருந்தது. சிஸ்கோ நிறுவனம் தன் தொலைபேசிகளுக்கென்று ‘ஸ்கின்னி’ என்ற சொந்த நெறிமுறையை 2000 என்ற போர்ட்டில் நடத்தியது. தொலைபேசிக்கு அறிவே தேவையில்லை, எல்லாவற்றையும் மையத்தில் இருப்பவரே சொல்லட்டும் என்ற கொள்கையில் எம்ஜிசிபி வந்தது. ஆஸ்டெரிஸ்க் என்ற திறமூல இணைப்பக மென்பொருளை உருவாக்கிய மார்க் ஸ்பென்சரும் அவருடன் இருந்தவர்களும் வடிவமைத்த ஐஏஎக்ஸ், சைகையையும் (அழைப்பை ஏற்படுத்தி முடிக்கும் செய்திகள்) குரலையும் 4569 என்ற ஒரே போர்ட்டில் அனுப்பியது. நான் கீழே சொல்லப்போகும் தொல்லைகளில் பாதியை அந்த ஒரு முடிவே தவிர்த்திருக்கும். ஆனால் தொலைபேசித் தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் எஸ்ஐபியின் பக்கம் போய்விட்டார்கள். சிறந்தது வெல்லும் என்ற விதி நெறிமுறைகளுக்குப் பொருந்துவதில்லை.

இப்போது ஒரு பக்கக் குரல் என்ற குறைக்கு வருகிறேன். அலுவலகத்துக்குள் இருக்கும் தொலைபேசிகளுக்கு 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் தனிப்பட்ட முகவரிகளே இருக்கும். வெளியுலகுக்குப் போகும்போது ரவுட்டர் அந்த முகவரியை அழித்துவிட்டுத் தன் பொது முகவரியைப் பாக்கெட்டின் மேல் எழுதுகிறது. இந்த முகவரி மாற்றத்தை நேட் என்பார்கள். கடித உறையின் மேலுள்ள அனுப்புநர் முகவரியை வாயிற்காவலர் திருத்தி அனுப்பிவிட, உள்ளே மடித்து வைத்த கடிதத்தில் பழைய முகவரியே இருந்தால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகிறது. எஸ்டிபிக் குறிப்புக்குள் ‘என் குரலை 192.168 முகவரிக்கு அனுப்புங்கள்’ என்று எழுதியிருப்பதை ரவுட்டர் தொடுவதில்லை. எதிர்முனை அந்த முகவரியை நம்பித் தன் குரலை அனுப்புகிறது. இணையத்தில் அப்படியொரு முகவரிக்கு வழியே இல்லாததால் அது எங்கோ தொலைந்துபோகிறது. நாம் அனுப்பும் குரலோ எதிர்முனையின் பொது முகவரிக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறது. விளைவு: நம் பேச்சு அவருக்குக் கேட்கும், அவர் பேச்சு நமக்குக் கேட்காது. மணி ஒழுங்காக அடிப்பதாலும், அழைப்பு ஒழுங்காக இணைவதாலும், குறை ரிசீவரில் இருப்பதாக எண்ணி அதை மாற்றிப் பார்க்கும் அலுவலகங்கள் பல. இந்த நிலையில் வேகத்தை எத்தனை மடங்கு கூட்டினாலும் இல்லாத முகவரிக்குக் குரல் வேகமாகப் போகும், அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்வதாகச் சொல்லிப் பல ரவுட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியை வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கடிதத்தையும் பிரித்துத் திருத்தும் வேலை அது. என் தொழில் அனுபவத்தில் இந்த வசதியால் தீர்ந்த தொல்லைகளைவிட விளைந்த தொல்லைகளே அதிகம். பாதியைத் திருத்திவிட்டுப் பாதியை விட்டுவிடும். சில நேரங்களில் ஏற்கெனவே சரியாக இருந்த முகவரியையும் கெடுத்துவிடும். எனவே, புதிதாக ஒரு ரவுட்டர் வந்தால் நான் முதலில் செய்வது அதை அணைப்பதுதான். இதற்கென்று உருவாக்கப்பட்ட முறையான வழிகள் உள்ளன. தன் பொது முகவரி என்ன என்பதைத் தொலைபேசி வெளியே இருக்கும் ஒரு சர்வரிடம் கேட்டறிய உதவுவது ஸ்டன்; நேர்வழி கிடைக்காதபோது குரலை நடுவில் ஒரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்புவது டர்ன்; கிடைக்கக்கூடிய வழிகளையெல்லாம் இருமுனைகளும் சோதித்து ஒன்றைத் தேர்வது ஐஸ். இவற்றுள் ஸ்டன்னின் முதல் வரையறை 2003-இலும், மற்ற இரண்டின் வரையறைகள் 2010-இலும் வெளிவந்தன. பெரிய அலுவலகங்கள் எல்லையில் எஸ்பிசி என்ற தனிக்கருவியை நிறுத்தி, சைகை, குரல் இரண்டையும் அதன் வழியாகவே விடுகின்றன. செலவு கூடினாலும் இதுவே நிம்மதியான ஏற்பாடு.

அழைப்பு அறுந்துபோவதிலும் நெறிமுறையின் கைரேகை தெரியும். எடுத்துப் பேசத் தொடங்கி ஏறத்தாழ அரை நிமிடத்தில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அழைப்பு துண்டிக்கப்படுகிறதா? கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் அது 32 நொடியாக இருக்கும். எஸ்ஐபியில் டி1 என்ற அடிப்படைக் கால அளவு அரை நொடி. ‘200’ என்ற பதிலை அனுப்பிய முனைக்கு ‘ஏக்’ ஒப்புகை வந்து சேராவிட்டால், அது அதே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, டி1-இன் 64 மடங்கு, அதாவது 32 நொடி, ஆனதும் நம்பிக்கை இழந்து அழைப்பை முடித்துவிட வேண்டும் என்று வரையறை கூறுகிறது. அதற்குள் குரல் தன் வழியில் இரு பக்கமும் நன்றாகவே போய்க்கொண்டிருக்கும் என்பதுதான் இதில் வேடிக்கை. பேசுகிறவர்கள் நலமாகப் பேசிக்கொண்டிருக்க, ஒப்புகை மட்டும் தவறான முகவரிக்குப் போய்த் தொலைந்திருக்கிறது. இணைய நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துத் திட்டும் எவரும் இந்த 32 நொடியைக் கவனித்துச் சொல்வதில்லை. சொன்னால் நல்ல தொழில்நுட்பர் அங்கேயே நோயைக் கண்டுபிடித்துவிடுவார்.

கால் மணி நேரத்திலோ அரை மணி நேரத்திலோ அறுபடும் அழைப்புகளுக்கு வேறு காரணம். அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இடையிடையே சரிபார்க்கும் அமர்வுக் கடிகாரம் ஒன்று ஆர்எஃப்சி 4028-இல் உள்ளது. அதன் வழக்கமான அளவு 1800 நொடி. பாதி நேரம் ஆனதும் ஒரு புதுப்பிப்புச் செய்தி போக வேண்டும். அதை நடுவிலுள்ள ஃபயர்வால் தடுத்துவிட்டால், நீண்ட கூட்டப் பேச்சுகள் மட்டும் குறித்த நேரத்தில் உயிரை விடும். வெளியிலிருந்து வரும் அழைப்புகள் மட்டும் சில நேரங்களில் மணியே அடிக்காமல் போவதும் இதே இனத்தைச் சேர்ந்தது: தொலைபேசி தன்னை மணிக்கு ஒருமுறை சர்வரிடம் பதிவு செய்துகொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்க, ரவுட்டரோ யுடிபி வழியை ஓரிரு நிமிடம் சும்மா இருந்தாலே மூடிவிடுகிறது. பதிவு இடைவெளியைக் குறைத்தாலோ, இடையே சிறு உயிர்ப்புச் செய்திகளை அனுப்பினாலோ தீர்ந்துவிடும் காரியம் இது.

விட்டுவிட்டுக் கேட்கும் குரலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கட்டுரை பெரிதும் சாய்ந்திருந்தது இதன் மீதுதான். ஆர்டிபி, பாக்கெட்டுகள் போய்ச் சேர்ந்தனவா என்று கேட்டுத் திரும்ப அனுப்பும் டிசிபியின் மேல் ஓடாமல், யுடிபியின் மேல் ஓடுகிறது. இதை ஒரு குறைபாடாகச் சிலர் எழுதுகிறார்கள். அது தெரிந்தே எடுத்த முடிவு. தொலைந்த சொல்லின் ஓசையை அரை நொடி கழித்துக் கொண்டுவந்து கொடுத்தால் அது உரையாடலுக்கு உதவாது. வந்ததை வைத்துக்கொண்டு மேலே போவதே மேல். ஒவ்வொரு பாக்கெட்டிலும் வரிசை எண்ணும் கால முத்திரையும் இருப்பதால், முன்பின்னாக வந்தவற்றை வரிசைப்படுத்தவும், வராதவற்றை அறிந்து இடைவெளியை நிரப்பவும் பெறுகிற தொலைபேசிக்கு முடிகிறது. 20 மில்லி நொடிக்கு ஒன்றாகப் புறப்பட்ட பாக்கெட்டுகள் வழியில் நெருக்கடிக்கேற்பச் சில முந்தியும் சில பிந்தியும் வந்து சேரும். இந்த ஏற்ற இறக்கத்தை ஜிட்டர் என்பார்கள். அதை விழுங்கிக்கொள்ளத் தொலைபேசி சில பத்து மில்லி நொடிக் குரலைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒலிபரப்புகிறது. சேமிப்பைப் பெரிதாக்கினால் குரல் உடையாது, ஆனால் தாமதமாகும்; தாமதம் கூடினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வார்கள். ஒரு திசைத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருக்கும்வரை பெரும்பாலான உரையாடல்களுக்கு இடையூறில்லை என்கிறது ஜி.114 என்ற பரிந்துரை.

எனவே குரலுக்குத் தேவை அகலமான பாதையைவிடச் சீரான பாதை. அலுவலகக் கணினி ஒன்று பெரிய கோப்பை வெளியே ஏற்றத் தொடங்கியதும், ரவுட்டரின் வாசலில் 1500 பைட் பாக்கெட்டுகள் வரிசைகட்டி நிற்கின்றன. 200 பைட் குரல் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. ஏற்றும் வேகம் ஒரு மெகாபிட்டாக இருந்தால், முன்னால் நிற்கும் ஒவ்வொரு பெரிய பாக்கெட்டுக்கும் 12 மில்லி நொடி காத்திருக்க வேண்டும். பத்து நின்றால் 120 மில்லி நொடி. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவின் தொலைபேசிகள் நாள்தோறும் மாலையில் மட்டும் விக்கின. அந்த நேரத்தில்தான் அவர்களுடைய கோப்புகளின் நகல் வெளியே ஒரு சேமிப்பகத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அங்கே வேகத்தை ஏற்கெனவே உயர்த்தியிருந்தார்கள். நகலெடுக்கும் மென்பொருள் கிடைத்த புதிய வேகத்தையும் சேர்த்து நிரப்பிக்கொண்டது. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்ததும் விக்கல் நின்றது. ஏற்றும் வேகம் உண்மையிலேயே மிகக் குறைவாக இருக்கும் இடங்களில் வேகத்தைக் கூட்டுவது ஓரளவு உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் முன்னுரிமை அமைக்காமல் கூட்டிய வேகம் விரைவிலேயே வேறு எதனாலோ நிரம்பிவிடுகிறது.

அந்த முன்னுரிமைக்கும் நெறிமுறை உண்டு. ஐபி பாக்கெட்டின் தலைப்பில் டிஎஸ்சிபி என்ற 6 பிட் இடம் இருக்கிறது. குரல் பாக்கெட்டில் அங்கே 46 என்ற எண்ணைத் தொலைபேசியே எழுதி அனுப்புகிறது. விரைந்து அனுப்ப வேண்டியது என்று அதற்குப் பொருள். அலுவலகக் கருவிகளையெல்லாம் கம்பியால் இணைக்கும் ஸ்விட்ச்சுகளும் ரவுட்டரும் அந்த எண்ணை மதிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தால் குரல் வரிசையின் முன்னே போகும். பல இடங்களில் அவை அதைப் பார்ப்பதேயில்லை. சில ஸ்விட்ச்சுகள் அதைச் சுழியமாக்கிவிடுகின்றன. தொலைபேசிகளுக்கென்று தனி விலான் ஒன்றை, அதாவது அதே கம்பிகளில் பிரித்து வைத்த தனி வலையமைப்பு ஒன்றை, ஒதுக்குவது அடுத்த படி. எந்த விலானில் சேர வேண்டும் என்பதை ஸ்விட்ச்சே தொலைபேசிக்குச் சொல்ல எல்எல்டிபி-மெட் என்ற நெறிமுறை இருப்பதால், ஒவ்வொரு கருவியிலும் கையால் எழுத வேண்டிய தேவையும் இல்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அலுவலக எல்லையைத் தாண்டிப் பொது இணையத்துக்குள் போனபின் 46 என்ற எண்ணுக்கு எவரும் மதிப்பளிப்பார்கள் என்ற உறுதி கிடையாது. ஆனாலும் நெரிசல் பெரும்பாலும் அலுவலக வாசலிலேயே நிகழ்வதால் அங்கே செய்யும் ஏற்பாடே பெரும்பகுதிக் குறையைத் தீர்க்கிறது.

ஒலித் தரம் குறித்துக் கட்டுரையாளர் வியந்து எழுதியிருந்த அகலக் குரலும் வேகத்தின் கொடை அல்ல. 1988-இல் தரப்படுத்தப்பட்ட ஜி.722, ஜி.711 எடுத்துக்கொள்ளும் அதே 64 கிலோபிட்டில் நொடிக்கு 16,000 முறை குரலை அளந்து, 7000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுசெல்கிறது. பழைய தொலைபேசியின் எல்லை 3400 ஹெர்ட்ஸ். வேடிக்கை என்னவென்றால், இதன் அளவை வேகத்தைத் தொடக்கக்கால ஆர்டிபி ஆவணம் ஒன்று தவறுதலாக 8000 என்று குறித்துவிட்டது. பழைய கருவிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக இன்றுவரை எல்லாத் தொலைபேசிகளும் அந்தத் தவற்றை மாற்றாமல் அப்படியே சொல்லிக்கொள்கின்றன. ஆனால் இரு முனையும் வழியிலுள்ள சர்வர்களும் ஜி.722-ஐ ஏற்றால்தான் அகலக் குரல் கிடைக்கும். நடுவில் எங்கேனும் சாதாரணத் தொலைபேசி வலையமைப்பு குறுக்கிட்டால் ஜி.711-க்கு இறங்கிவிடும். தெரிந்த குறிமுறைகளையெல்லாம் இன்வைட்டில் அடுக்கி அனுப்புவதும் நல்லதல்ல. அந்தச் செய்தி 1300 பைட்டைத் தாண்டினால் யுடிபியை விட்டு டிசிபிக்கு மாற வேண்டும் என்று வரையறை சொல்கிறது. மாறாத கருவிகளின் பெரிய இன்வைட்டுகள் வழியில் துண்டாகி, ஒரு துண்டு தொலைந்து, அழைப்பே போகாமல் நிற்பதுண்டு.

வங்கியையோ சேவை மையத்தையோ அழைத்து ‘ஒன்றை அழுத்தவும்’ என்றதும் அழுத்தினால் எதுவும் நடவாத அனுபவம் பலருக்கு இருக்கும். அழுத்தத்தின் ஒலியைக் குரலோடு கலந்து அனுப்பினால் ஜி.729 போன்ற சுருக்கும் குறிமுறைகள் அதைச் சிதைத்துவிடும். அதை ஒலியாக அனுப்பாமல் தனி நிகழ்வாக அனுப்பும் ஆர்எஃப்சி 4733 முறையை இருமுனையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னும் ஃபேக்ஸ் பயன்படுத்தும் அலுவலகங்களுக்கு டி.38 என்ற தனி நெறிமுறை இருக்கிறது என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறேன்.

கட்டுரை தொடாமல் விட்ட ஒன்று மின்சாரம். பழைய தொலைபேசிக்கு இணைப்பகத்திலிருந்தே கம்பி வழியாக மின்சாரம் வந்தது. அலுவலகத்தில் மின்தடை ஏற்பட்டாலும் அது பேசியது. இணையத் தொலைபேசி பெரும்பாலும் ஸ்விட்ச்சிலிருந்து அதே ஈதர்நெட் கம்பி வழியாக மின்சாரம் பெறுகிறது. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை. ஸ்விட்ச்சுக்கு யுபிஎஸ் இல்லையென்றால் மின்சாரம் போன அந்த நொடியே அலுவலகத்தின் அத்தனை தொலைபேசிகளும் ஊமையாகும். ரவுட்டருக்கும் வெளி இணைப்புக் கருவிக்கும் அதே நிலைதான். தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டிய நேரத்தில் இது தெரியவருவது நல்லதல்ல என்பதால், கணினி சர்வருக்கு யுபிஎஸ் வாங்குகிற நிர்வாகம் ஸ்விட்ச்சையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, கட்டுரையில் எனக்கு மிகுந்த கவலை அளித்த வாக்கியத்துக்கு வருகிறேன். குரல் எண்களாக மாற்றப்பட்டுச் செல்வதால் இணையத் தொலைபேசியை ஒட்டுக்கேட்க இயலாது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. உண்மை இதற்கு நேர்மாறானது. ஜி.711 குரலைச் சுமக்கும் சாதாரண ஆர்டிபி பாக்கெட்டுகளில் எந்தப் பூட்டும் இல்லை. அந்தப் பாதையில் எங்கேனும் பாக்கெட்டுகளைப் பிடிக்க வாய்ப்பு கிடைத்த ஒருவர், நான் மேலே சொன்ன அதே இலவச மென்பொருளில் சில சொடுக்குகளில் இரு பக்கப் பேச்சையும் ஒலிக்கச் செய்து கேட்கலாம். அதற்கென்றே அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. பழுது பார்ப்பதற்காக நாங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் பொத்தான்தான் அது. சம்பளம், மருத்துவம், வழக்கு என்று மூடிய கதவுக்குள் பேசப்படும் பேச்சுகள், அலுவலக ஸ்விட்ச்சில் கைவைக்கக்கூடிய எவருக்கும் திறந்த பேச்சுகளாக இருக்கின்றன.

இதற்கான தீர்வு புதிதல்ல. குரலை ஏஇஎஸ் முறையில் மறையாக்கும் எஸ்ஆர்டிபி 2004-ஆம் ஆண்டிலேயே ஆர்எஃப்சி 3711 ஆக வந்துவிட்டது. இன்று அலுவலகங்களுக்கு விற்கப்படும் தொலைபேசிகளில் பெரும்பாலானவை அதை அறிந்தவை. ஆனால் அணைத்த நிலையிலேயே வந்து, அணைத்த நிலையிலேயே மேசையில் அமர்கின்றன. இயக்கினால் கூடும் சுமையும் அற்பமானது: ஒவ்வொரு பாக்கெட்டிலும் சரிபார்ப்புக்காக வழக்கமாக 10 பைட், அதாவது ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 4 கிலோபிட். இங்கே ஒரு கண்ணியும் இருக்கிறது. குரலைப் பூட்டும் சாவியை எஸ்டிபிக் குறிப்பிலேயே எழுதி அனுப்பும் எஸ்டெஸ் என்ற முறை பரவலாகப் பயன்படுகிறது. எஸ்ஐபி வெறும் யுடிபியில் 5060 போர்ட்டில் போய்க்கொண்டிருந்தால், சாவி எவரும் படிக்கும்படி அதில் எழுதப்பட்டிருக்கும். ஆகவே சைகையை டிஎல்எஸ் என்ற மறையாக்க நெறிமுறை வழியாக, வழக்கமாக 5061 போர்ட்டில், அனுப்பினால்தான் எஸ்ஆர்டிபிக்குப் பொருள் உண்டு. டிஎல்எஸ் சான்றிதழைச் சரிபார்க்கத் தொலைபேசியின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். அதற்கு, நேரத்தை வலையமைப்பு வழியாகப் பெறும் என்டிபி அமைந்திருக்க வேண்டும். தொலைபேசி தொடங்கும்போது தன் அமைப்புக் கோப்பை டிஎஃப்டிபி வழியாகப் பெறும் பழைய வழக்கமும் கைவிடப்பட வேண்டியது: அந்த நெறிமுறையில் கடவுச்சொல்லும் கிடையாது, மறையாக்கமும் கிடையாது, ஆனால் அது கொண்டுவரும் கோப்பில் எஸ்ஐபிக் கடவுச்சொல் இருக்கும்.

5060 போர்ட்டைப் பொது இணையத்துக்குத் திறந்து வைத்திருக்கும் சர்வர்களைத் தேடி, எளிய கடவுச்சொற்களை முயன்று பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. உள் எண்ணையே கடவுச்சொல்லாக வைத்த தொலைபேசி ஒன்று அகப்பட்டால், அதன் பெயரில் வெளிநாடுகளுக்கு அழைப்புகள் பறக்கும். கட்டணம் அலுவலகத்துக்கு வரும். வலைப்பக்கம் வழியாகவே நுழைந்து மாற்றக்கூடிய தொலைபேசியின் நிர்வாகக் கடவுச்சொல்லைத் தயாரிப்பாளர் கொடுத்தபடியே விட்டுவிடுவதும் இதற்குச் சளைத்ததல்ல.

தங்கள் நாளிதழ் இந்தப் பொருளை மீண்டும் எடுத்துக்கொள்ளுமானால், வேகத்தைப் பற்றிய அறிவுரைக்குப் பதிலாக வாசகர்கள் தங்கள் தொலைபேசிப் பராமரிப்பாளரிடம் கேட்க வேண்டிய ஒரு சோதனையை வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். அலுவலகத்திலிருந்து போகும் ஓர் அழைப்பின் இன்வைட் செய்தியை, சர்வரின் பதிவேட்டிலிருந்தோ தொலைபேசியின் பதிவேட்டிலிருந்தோ எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அதன் எஸ்டிபிப் பகுதியில் ‘எம்=ஆடியோ’ என்று தொடங்கும் வரி ஒன்று இருக்கும். அந்த வரியில் ‘ஆர்டிபி/எஸ்ஏவிபி’ என்று இருந்தால் குரலுக்கு மறையாக்கம் கோரப்படுகிறது. ‘ஆர்டிபி/ஏவிபி’ என்று மட்டும் இருந்தால், அநேகமாக அந்த அலுவலகத்தின் பேச்சு திறந்தே போகிறது.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அலுவலக வலையமைப்புப் பராமரிப்பாளர்